பழைய படத்தை மியூசியத்தில் ஏன் ஓட்ட வேண்டும்? - ஹென்றி லாங்லுவாவின் கதை

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 1970-ல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. எகிப்தியக் கல்லறைப் பொருட்களும் ரெம்பிராண்ட் ஓவியங்களும் இருக்கிற அந்தக் கட்டிடத்தில், அந்த வருஷம் ஜூலை 29-ம் தேதி தொடங்கி 35 மாலைகளில் 70 சினிமாப் படங்கள் ஓடின. சினிமா பிறந்த முதல் 75 ஆண்டுகளில் இருந்து பொறுக்கியெடுத்த படங்கள் அவை. மௌனப் படமும் உண்டு, அப்போது எடுத்த புத்தம் புதுப் படமும் உண்டு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தது பாரிஸில் இருந்து வந்த ஒரே ஒருவர். கசங்கிய கோட்டு, கலைந்த தலை, நூறு கிலோவைத் தாண்டியிருப்பாரோ என்று நினைக்க வைக்கும் உடம்பு. அவர் பெயர் ஹென்றி லாங்லுவா.

இன்றைக்கு உலகத்தின் பெரிய மியூசியங்கள் பலவற்றில் ஒரு தியேட்டர் இருக்கிறது. அங்கே சாப்ளின் படமும் ஓடும், போன வருஷம் வெளியான படமும் ஓடும். பார்ப்பவர்களுக்கு அது ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. ஆனால், பழைய படம் என்றால் எரித்துவிட வேண்டிய குப்பை என்று சினிமாக்காரர்களே நினைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நினைப்பை மாற்றியவர்களில் லாங்லுவாவுக்குத் தனி இடம் உண்டு. அவர் ஒரு படம்கூட இயக்கிப் பெயர் வாங்கியதில்லை. முறையான புத்தகம் எழுதவில்லை. படங்களைச் சேர்த்தார், காட்டினார், அவ்வளவுதான். அதற்காக ஓர் அரசாங்கத்தோடு மோதி ஜெயிக்கவும் செய்தார்.

படங்கள் ஏன் அழிக்கப்பட்டன?

இதைப் புரிந்துகொள்ளாமல் லாங்லுவாவைப் புரிந்துகொள்ள முடியாது. 1950-களின் தொடக்கம் வரை பெரும்பாலான சினிமா பிலிம் நைட்ரேட் என்ற பொருளில் தயாரானது. பார்ப்பதற்கு அருமையாக இருக்கும். திரையில் வெள்ளி மாதிரி மின்னும். ஆனால், தீ என்றால் பற்றிக்கொள்ளும். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். நல்ல முறையில் வைக்காவிட்டால் பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகப் போய்விடும். இப்படிப்பட்ட சரக்கை யார் கிடங்கு வாடகை கொடுத்துப் பாதுகாப்பார்கள்?

கூடவே, பழைய பிலிமுக்கு ஒரு காயலான் கடை விலையும் இருந்தது. அதில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம், செல்லுலாய்டை உருக்கி வேறு பொருள் செய்யலாம். ‘நிலவுக்குப் பயணம்’ எடுத்த ஜார்ஜ் மெலியஸின் படங்கள் பலவற்றை முதல் உலகப் போரின்போது உருக்கிச் சிப்பாய்களின் பூட்ஸுக்குக் குதிகால் செய்தார்கள். 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. ஒரே ஒன்றிரண்டு வருஷத்தில் உலகத்தின் மௌனப் படங்கள் மொத்தமும் வியாபார மதிப்பு இழந்தன. பேசாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று பெட்டி பெட்டியாகக் கழித்துவிட்டார்கள்.

மௌனப் படத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு பையனுக்கு இது பொறுக்கவில்லை.

அச்சகத்தில் கிடைத்த நண்பர்

லாங்லுவா பிறந்தது பிரான்ஸில் இல்லை. 1914 நவம்பர் 13-ம் தேதி, ஒட்டோமான் பேரரசின் துறைமுக நகரமான ஸ்மிர்னாவில் பிறந்தார். இன்றைய துருக்கியின் இஸ்மிர் அது. பிரெஞ்சுக் குடும்பம். 1922-ல் போரின் முடிவில் அந்த நகரம் தீப்பற்றி எரிந்தது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. பையனுக்கு அப்போது ஏழு வயது. பின்னாளில் எதையும் தூக்கிப் போட மனம் வராத ஆளாக அவர் ஆனதற்கு, கண்ணெதிரே ஓர் ஊரே இல்லாமல் போனதுதான் காரணம் என்று அவர் கதையை எழுதியவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நெருப்பு அவரை அப்புறமும் விடவில்லை.

படிப்பு ஏறவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் கோட்டை விட்டார். வகுப்புக்குப் போக வேண்டிய நேரமெல்லாம் தியேட்டரில் போயிற்று. வீட்டில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே கிடைத்தவர்தான் ஜார்ஜ் ஃப்ரான்ஜூ. பிற்காலத்தில் ‘முகமில்லாத கண்கள்’ என்ற திகில் படத்தை இயக்கியவர். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். 1935-ல் இருவரும் சேர்ந்து ‘சினிமா வட்டம்’ என்ற பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் ஆரம்பித்தார்கள். பழைய மௌனப் படங்களைத் தேடிக் கொண்டுவந்து காட்டுவதுதான் வேலை. அந்தக் காலத்துச் சங்கங்களில் படம் முடிந்ததும் விவாதம் நடக்கும். இவர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தாயா, வீட்டுக்குப் போ.

காட்டுவதற்குப் படம் வேண்டுமே? சந்தையிலும் பழைய சாமான் கடையிலும் கிடங்குகளிலும் தேடினார்கள். ஆல்பட்ராஸ் என்ற பட நிறுவனத்தின் அதிபர் அலெக்சாண்டர் கமென்கா தன் படங்களை நம்பி ஒப்படைத்தார். பெட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. லாங்லுவா தன் பெற்றோர் வீட்டுக் குளியல் தொட்டியில் படச்சுருள்களை அடுக்கி வைத்தார், வீட்டில் ஒருவரும் குளிக்க முடியவில்லை என்று ஒரு கதை உண்டு. எத்தனை தூரம் நிஜமோ, அவரைப் பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

1936 செப்டம்பரில் ‘சினிமாதெக் பிரான்சேஸ்’ பிறந்தது. நூலகத்துக்கு பிரெஞ்சில் ‘பிப்லியோதெக்’ என்று பெயர். அதே பாணியில் சினிமாவுக்கு ஒரு ‘தெக்’. சினிமா வர்த்தகப் பத்திரிகை நடத்திவந்த பால் அகுஸ்த் ஹார்லே பணம் கொடுத்துத் தலைவரானார். லாங்லுவாவுக்கு அப்போது 21 வயதுதான். முதல் கிடங்கு எங்கே தெரியுமா? பாரிஸுக்கு வெளியே ஓர்லி என்ற இடத்தில் சினிமாக் கலைஞர்களுக்கான முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அந்த வளாகத்தில் சும்மா கிடந்த ஒரு கட்டிடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். அதன் சாவியை, இல்லத்தில் தங்கியிருந்த ஒரு முதியவரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த முதியவர், பூட்ஸ் குதிகாலாகப் போன படங்களை எடுத்த அதே மெலியஸ். 1938 ஜனவரியில் அவர் இறக்கும் வரை அந்தச் சாவி அவரிடம்தான் இருந்தது.

இது லாங்லுவாவுக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 1935-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஐரிஸ் பாரி என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் ஒரு திரைப்பட நூலகத்தைத் தொடங்கியிருந்தது. லண்டனிலும் பெர்லினிலும் அதே வருஷம் காப்பகங்கள் வந்துவிட்டன. 1938-ல் இந்த நாலு ஊர்க்காரர்களும் பாரிஸில் கூடி, திரைப்படக் காப்பகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஃபியாஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

மற்றவர்களிடம் இருந்து லாங்லுவா வேறுபட்டது ஒரு விஷயத்தில். அவர்கள் நல்ல படம், முக்கியமான படம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். லாங்லுவா கையில் கிடைத்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். இன்று மட்டமாகத் தெரியும் படம் ஐம்பது வருஷம் கழித்து எப்படித் தெரியும் என்று இப்போது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அருகதை இல்லை என்பது அவர் கட்சி. லூயி ஃபியாத் எடுத்த தொடர் படங்களை ஒரு காலத்தில் படித்தவர்கள் யாரும் மதித்ததில்லை. ஒரு தலைமுறை கழித்து அவற்றைப் பார்த்து இயக்குநர்கள் வாய்பிளந்தார்கள். இந்த விஷயத்தில் காலம் லாங்லுவா பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

போர்க் காலத்தில்

1940-ல் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் படங்களுக்குத் தடை. யூதர்கள் எடுத்த படங்கள், சோவியத் படங்கள் எல்லாவற்றுக்கும் ஆபத்து. லாங்லுவா பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பல இடங்களில் ஒளித்து வைத்தார். பின்னாளில் பெரிய நடிகையான சிமோன் சிஞோரே, குழந்தை தள்ளுவண்டியில் படப்பெட்டியை வைத்துப் பாரிஸ் தெருக்களில் தள்ளிக்கொண்டு போனதாகச் சொல்லப்படுகிறது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் லோட்டே ஐஸ்னர். பெர்லினில் சினிமா விமர்சகராக இருந்த யூதப் பெண்மணி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே பாரிஸுக்கு ஓடிவந்தவர். போர் வந்ததும் பிரெஞ்சு அதிகாரிகளே அவரைப் பிடித்து கூர்ஸ் முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து தப்பி, லூயிஸ் எஸ்கோஃபியே என்ற பொய்ப் பெயரில் தலைமறைவாக வாழ்ந்தார். ஃபிஜாக் என்ற ஊருக்கு அருகில் ஒரு பழைய கோட்டையில் லாங்லுவா பதுக்கிவைத்த படங்களைக் குளிரில் விறைத்துக்கொண்டு சரிபார்த்து, பட்டியல் எழுதியவர் அவர்தான். போர் முடிந்த பிறகு முப்பது வருஷம் சினிமாதெக்கின் தலைமைக் காப்பாளராக வேலை பார்த்தார். லாங்லுவாவின் வாழ்க்கைத் துணையான மேரி மீர்சனும் அப்படித்தான், வாழ்நாள் முழுக்க அந்த இடத்தைக் கட்டிக்காத்தார். லாங்லுவா தனி ஆளாகச் சாதித்தார் என்று எழுதுவது சுலபம். இந்த இரண்டு பெண்கள் இல்லாவிட்டால் பாதிகூட நடந்திருக்காது.

அறுபது நாற்காலியில் ஒரு பள்ளிக்கூடம்

1948-ல் பாரிஸின் மெசின் அவென்யூவில் சினிமாதெக்குக்கு ஒரு கட்டிடம் கிடைத்தது. மேலே சின்னதாக ஒரு சினிமா மியூசியம். கூடவே ஐம்பது, அறுபது பேர் உட்காரக்கூடிய குட்டித் தியேட்டர். அரங்கம் நிரம்பினால் தரையில் உட்காருவார்கள். முதல் வரிசையில் தினமும் வந்து உட்கார்ந்த இளவட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: பிரான்சுவா த்ரூஃபோ, ழான் லுக் கோதார், ழாக் ரிவெட், எரிக் ரோமர், க்ளோத் ஷப்ரோல். பத்து வருஷத்தில் பிரெஞ்சு சினிமாவைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட ‘புதிய அலை’க்காரர்கள். பிலிம் காலேஜில் படித்து வந்தவர்கள் இல்லை இவர்கள். இந்த அறைதான் இவர்களுக்குக் காலேஜ்.

1955-ல் உல்ம் தெருவில் இதைவிடப் பெரிய அரங்குக்கு மாறினார்கள். ஒரு நாளைக்கு மூன்று காட்சி, மூன்றும் வேறு வேறு படம். இதில்தான் லாங்லுவாவின் கைவண்ணம். ஒரு பழைய ஸ்வீடன் மௌனப் படம், அடுத்து ஓர் அமெரிக்கத் துப்பாக்கிச் சண்டைப் படம், அதற்கடுத்து யாரோ ஓர் இளைஞர் போன மாதம் எடுத்து முடித்த குறும்படம். ஏன் இந்த வரிசை என்று யாரும் விளக்க மாட்டார்கள். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தானே புரியும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படத்தில் இருந்த ஒரு கேமரா நகர்வு அடுத்த காட்சியின் புதுப் படத்தில் திரும்ப வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், சினிமா வரலாறு தேதி வாரியான பாடமாக இருக்காது. பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஆகிவிடும்.

மௌனப் படத்துக்குப் பியானோகூடக் கிடையாது. முழு நிசப்தத்தில் ஓடும். ஜப்பானியப் படம் சப்டைட்டில் இல்லாமல் ஓடும். கதை புரியாதே என்றால், புரியாததால்தான் சட்டகத்தையும் ஒளியையும் நடிகர் நிற்கும் இடத்தையும் கவனிப்பார்கள். சில நாட்களில் அறிவித்த படம் ஒன்று, ஓடுகிற படம் வேறு என்ற கூத்தும் நடக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு கூட்டம் வந்தது.

மறந்துபோன மனிதர்களையும் அவர் மீட்டெடுத்தார். 1955-ல் பாரிஸ் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சினிமாவின் அறுபது ஆண்டுகள் பற்றி ஒரு கண்காட்சி வைத்தபோது, நடிகை லூயிஸ் புரூக்ஸின் பிரம்மாண்டப் படத்தை முகப்பில் தொங்கவிட்டார். அவர் அப்போது அமெரிக்காவில் வறுமையில், யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தார். 1958-ல் அவரைப் பாரிஸுக்கே வரவழைத்து அவர் படங்களைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு புரூக்ஸ் எழுத்தாளராக இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்தார்.

காட்டுவதா, காப்பதா?

எல்லோரும் லாங்லுவாவைக் கொண்டாடவில்லை. லண்டன் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் தலைவர் எர்னஸ்ட் லிண்ட்கிரன் அவருக்கு நேர் எதிர். பிலிம் என்பது ஒவ்வொரு முறை புரொஜெக்டரில் ஓடும்போதும் தேய்கிற பொருள். கீறல் விழும், பல் துளை கிழியும். உலகத்திலேயே ஒரே பிரிண்ட்தான் இருக்கிறது என்றால் அதை ஓட்டவே கூடாது. முதலில் நகல் எடு, குளிர் அறையில் வை, பட்டியல் போடு, அப்புறம் காட்டலாம் என்பது லிண்ட்கிரனின் வழி. நகல் எடுக்கப் பணம் இல்லையென்றால் காட்டாதே.

லாங்லுவாவின் எண்ணம் வேறு. ஓவியம் சுவரில் மாட்டியிருந்தாலே ஓவியம். ஆனால், படம் திரையில் ஓடும்போதுதான் படம். பெட்டிக்குள் இருக்கும்போது வெறும் பிளாஸ்டிக். யாரும் பார்க்காத படத்தைக் காப்பாற்ற யாருக்கும் அக்கறை வராது. பார்த்து மயங்கியவர்கள்தான் நாளைக்கு அதற்காகச் சண்டை போடுவார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்றைய காப்பகங்கள் பின்பற்றுவது பெரும்பாலும் லிண்ட்கிரனின் ஒழுங்கைத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். லாங்லுவாவின் அலட்சியத்துக்குக் கொடுத்த விலை கற்பனை இல்லை. 1959 ஜூலை 10-ம் தேதி, கூர்செல் தெருவில் சினிமாதெக்கின் இடத்தில் கோடை வெயிலில் இருந்த நைட்ரேட் பெட்டிகள் தீப்பிடித்தன. எத்தனை படங்கள் போயின என்று கணக்குச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எத்தனை படங்கள் இருந்தன என்பதற்கே ஒழுங்கான கணக்கு இல்லை. எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் ‘தேனிலவு’ படத்தின் கடைசிப் பிரதி சினிமாதெக்கின் தீயில்தான் போயிற்று என்பார்கள். அந்தப் படத்தை இனி யாரும் பார்க்க முடியாது. அதே காலகட்டத்தில், தான் தொடங்கிவைத்த ஃபியாஃப் அமைப்போடும் லாங்லுவா சண்டை போட்டு வெளியேறினார். பழகுவதற்குச் சுலபமான ஆள் இல்லை அவர். சந்தேகப் பிராணி. எந்தப் படம் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பதைத் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். கவிஞரும் இயக்குநருமான ழான் கோக்தோ அவரைப் புதையல் காக்கும் பூதத்தோடு ஒப்பிட்டது பாராட்டாகத்தான். அதில் உண்மையும் இருந்தது.

1968: அமைச்சரோடு மோதல்

1960-களில் சினிமாதெக்கின் செலவில் பெரும்பகுதி அரசு மானியம். பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ, எழுத்தாளர், லாங்லுவாவுக்கு வேண்டியவர். 1963-ல் ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே உள்ள ஷாயோ மாளிகையில் பெரிய அரங்கு கிடைத்தது அவர் ஆதரவில்தான். ஆனால், பணம் கொடுக்கும் அரசாங்கம் கணக்குக் கேட்கும் அல்லவா? படங்களின் பட்டியல் எங்கே, கிடங்கு ஏன் இந்த லட்சணத்தில் இருக்கிறது, வரவு செலவு யார் பார்க்கிறார்கள்? கேள்விகள் நியாயமானவை. லாங்லுவாவிடம் பதில் இல்லை.

1968 பிப்ரவரி 9-ம் தேதி நிர்வாகக் குழு கூடி அவரைப் பதவியில் இருந்து தூக்கியது. அவர் இடத்துக்கு, திரைப்பட விழாக்கள் நடத்திவந்த பியர் பார்பன் வந்தார். பூட்டுகள் மாற்றப்பட்டன. அரசாங்கம் இது ஒரு சின்ன நிர்வாக மாற்றம் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரே ரகளையாகிவிட்டது. சில நாட்களுக்குள் பிரான்ஸின் முன்னணி இயக்குநர்கள் தங்கள் படங்களைச் சினிமாதெக்கில் காட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். சாப்ளின், ஃப்ரிட்ஸ் லாங், ட்ரையர், ரொசெலினி என்று வெளிநாட்டில் இருந்து தந்திகள் குவிந்தன. அரசாங்கம் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். அந்தப் படங்கள் பலவும் அரசுக்குக் கொடுத்தவை இல்லை. படம் எடுத்தவர்கள் லாங்லுவா என்ற மனிதரை நம்பி ஒப்படைத்தவை. ஆளை எடுத்தால் படமும் போய்விடும்.

பிப்ரவரி 14-ம் தேதி ஷாயோ மாளிகை எதிரே சுமார் மூவாயிரம் பேர் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. கோதாருக்கும் த்ரூஃபோவுக்கும் அடி. அப்போது இளைஞராக இருந்த பெர்த்ரான் தாவெர்னியேயின் முகத்தில் ரத்தம் வழிந்தது. சினிமா காப்பகத்தின் தலைவரை மாற்றியதற்காகத் தெருவில் அடி வாங்கியவர்கள் வரலாற்றில் வேறு எங்கும் இருப்பார்களா தெரியாது. ழான் ரெனுவாரைக் கௌரவத் தலைவராகக் கொண்டு பாதுகாப்புக் குழு அமைந்தது. அலென் ரெனே, த்ரூஃபோ, ரிவெட் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு இதற்காக ஓடினார்கள். அந்தச் சமயத்தில் த்ரூஃபோ ‘திருட்டு முத்தங்கள்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். சினிமாதெக்கின் மூடிய கதவோடுதான் அந்தப் படம் தொடங்கும். படமே லாங்லுவாவின் சினிமாதெக்குக்குச் சமர்ப்பணம்.

ஏப்ரல் 22-ம் தேதி அரசாங்கம் இறங்கிவந்தது. லாங்லுவா திரும்ப வந்தார். சில வாரங்களில் பாரிஸே மாணவர் போராட்டத்தில் கொந்தளித்தது. அந்த ‘மே 68’-ன் முகமாக ஆன டேனியல் கோன் பெண்டிட், முன்னதாக லாங்லுவாவுக்காக நடந்த ஆர்ப்பாட்டத்திலும் நின்றவர். மேயின் ஒத்திகை பிப்ரவரியில் சினிமாதெக் வாசலில் நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

ஜெயித்ததற்குத் தண்டனையும் கிடைத்தது. மானியம் வெட்டப்பட்டது. பிலிம்களைப் பாதுகாக்க அரசு 1969-ல் புவா தார்சி என்ற இடத்தில் தனியாகத் தன் சொந்தக் காப்பகத்தைத் தொடங்கியது. லாங்லுவாவிடம் காட்டும் வேலை இருந்தது, கையில் காசில்லை. கனடாவின் மான்ட்ரியலுக்குப் பறந்து போய்ப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்தார். சம்பளத்தைச் சினிமாதெக்கில் போட்டார். மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் 35 மாலைகள் நடந்தது இந்த நெருக்கடியான காலத்தில்தான். அந்த வரவேற்பைப் பார்த்து நியூயார்க்கிலேயே ஒரு சினிமாதெக் கட்டத் திட்டம் போட்டார்கள். அது கைகூடவில்லை.

அறுபது அறைகள்

மிஞ்சிய ஆசை ஒன்று, சினிமாவுக்கென்று ஒரு முழு மியூசியம். 1972 ஜூனில் ஷாயோ மாளிகையில் அது திறந்தது. சுமார் அறுபது அறைகள். மாயவிளக்குகள், லூமியேர் காலத்துக் கருவிகள், ‘டாக்டர் காலிகரி’ படத்தின் கோணல்மாணல் அரங்கின் மறு உருவாக்கம், ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் இயந்திரப் பெண், விவியன் லீ அணிந்த உடை. ஹிட்ச்காக் கொடுத்த, ‘சைக்கோ’ படத்து அம்மாவின் காய்ந்த தலை வேறு. பொருளின் பக்கத்தில் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் இருக்காது. படம் காட்டுவதில் இருந்த அதே பிடிவாதம். ஒன்றையடுத்து ஒன்றைப் பார்த்துக்கொண்டே போ, தானே புரியும். பல நாட்கள் அவரே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவார்.

1974-ல் ஹாலிவுட் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தது. மூன்று வருஷம் கழித்து, 1977 ஜனவரி 13-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். வயது 62. பின்னால் ஒரு சொத்தும் இல்லை. பாரிஸின் மொன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி முழுக்கத் திரைப்படக் காட்சிகளின் படங்கள் ஒட்டுப்போட்டது மாதிரி நிறைந்திருக்கும்.

பிறகு என்ன ஆனது?

நெருப்பு இன்னும் இரண்டு முறை வந்தது. 1980 ஆகஸ்டில் பாரிஸுக்கு வெளியே லெ பொன்தெல் கிடங்கு எரிந்ததில் ஆயிரக்கணக்கான படங்கள் போயின. 1997 ஜூலையில் ஷாயோ மாளிகையின் கூரையில் தீப்பிடித்தது. மியூசியப் பொருட்களை வெளியே கொண்டுவந்து காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் லாங்லுவா அடுக்கிவைத்த அந்த அறுபது அறைகள் மறுபடி திறக்கவே இல்லை. 2005-ல் சினிமாதெக், கட்டிடக் கலைஞர் ஃப்ராங்க் கெரி வடிவமைத்த பெர்சி பகுதிக் கட்டிடத்துக்குக் குடிபோனது. அங்கே உள்ள பெரிய அரங்குக்கு லாங்லுவாவின் பெயர். 2021-ல் அதே கட்டிடத்தில் மெலியஸுக்கென்று ஒரு மியூசியம் திறந்தார்கள்.

பட்டியல் போடும் வேலை அவர் போன பிறகுதான் ஒழுங்காக நடந்தது. அவர் விட்டுச்சென்ற பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. ஏபல் கான்ஸின் ‘நெப்போலியன்’ படம் 1927-ல் வெளியானது. வெவ்வேறு நீளத்தில் வெட்டி வெட்டிப் பல வடிவங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. லாங்லுவாவின் காலத்திலேயே, இயக்குநர் ழான் எப்ஸ்டைனின் தங்கை மரி எப்ஸ்டைன், சினிமாதெக்கில் இருந்துகொண்டு அதைச் சேர்த்துவைக்கப் பாடுபட்டார். 2008-ல் ஜார்ஜ் மூரியே என்ற இயக்குநர் சினிமாதெக்குக்காக மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். பெட்டிகளைப் பிரித்து, எந்தத் துண்டு எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டு ஒட்டுவதற்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2024 மே மாதம் அதன் முதல் பாகம் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஜூலையில் பாரிஸுக்கு அருகே, ஏறக்குறைய ஏழு மணி நேரப் படம் முழுவதையும் இரண்டு மாலைகளாகப் பிரித்து, மேடையில் இசைக்குழு வாசிக்க ஓட்டினார்கள்.